பள்ளியில் நலமும் நற்பண்பும் வளர்க்க முயல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்துவிட்டால், கொங்கு வட்டாரத்து ஊர்ப் பள்ளிகளுக்கு உதவ முன்வருவோருக்குக் குறைவிருப்பதில்லை. முன்னாள் மாணவர்களும், ரோட்டரி, லயன்ஸ் சங்கத்தினரும், பனியன் கம்பெனி, நூற்பாலை உரிமையாளர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் வந்து, "பசங்களோட ஆரோக்கியத்துக்கும் ஒழுக்கத்துக்கும் ஏதாச்சும் பண்ணோணுமுங்க" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனால் அதன்பின் நடக்கும் முயற்சிகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் சறுக்குகின்றன. ஒரு பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டியதைக் கூட்டத்தின் முன் பேசிவிடுகிறார்கள். அன்றாடம் சத்தமில்லாமல் நடக்க வேண்டியதை ஆண்டுக்கு ஒரு நாள் விழாவாக நடத்தி முடித்துவிடுகிறார்கள்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நகத்தையும் தலையையும் சோதித்து, அழுக்காக வந்தவர்களைத் தனி வரிசையில் நிறுத்துவது இவற்றில் மிகப் பழைய தவறு. திருப்பூரில் தாயும் தகப்பனும் காலை ஷிப்டுக்குக் கிளம்பிவிடும் வீடுகளில், நான்காம் வகுப்புப் படிக்கும் பெண்ணே தம்பிக்குத் தலைவாரி, தானும் பின்னலிட்டு, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறாள். அவள் தலையில் பேன் இருப்பதை முந்நூறு பேர் முன்னிலையில் அறிவிப்பதால் பேன் ஒழிவதில்லை. மறுநாள் அவள் பள்ளிக்கு வராமலிருக்க ஒரு காரணம் கிடைக்கிறது, அவ்வளவுதான். வகுப்பாசிரியரின் மேசையில் ஒரு நகவெட்டியும், தாயிடம் தனியாகச் சொல்ல ஐந்து நிமிடமும் இருந்தாலே இந்த வேலை முடிந்துவிடும்.

பல் விஷயத்தில் நடக்கும் அநியாயம் இதைவிடப் பெரியது. சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் அவற்றை அடுத்த தருமபுரியிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதியாக உள்ளது. ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும், வேறு நீரே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர அளவு கூறுகிறது. அதற்கு மேற்பட்ட நீரைச் சிறு வயதில், அதாவது நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் காலத்தில், குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறையும் படிகின்றன. எத்தனை முறை துலக்கினாலும் அந்தக் கறை போகாது. அப்படிப்பட்ட பிள்ளையைப் "பல் விளக்காதவன்" என்று சுகாதார வகுப்பிலேயே எடுத்துக்காட்டாக நிறுத்துவது, உடல்நலத்தின் பெயரால் செய்யும் கொடுமை. பள்ளியின் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, தேவையானால் ஆற்று நீர்க் கூட்டுக் குடிநீர் இணைப்புக் கேட்பதுதான் மேலாண்மைக் குழு செய்ய வேண்டிய வேலை. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதையும் நம்ப வேண்டாம். கொதிக்கும்போது நீர் ஆவியாகக் குறையுமே தவிர, ஃபுளோரைடு குறையாது.

தண்ணீர் குடிக்க நினைவூட்டித் தனி மணி அடிக்கும் வழக்கம் கேரளத்தில் 2019-இல் தொடங்கி இங்கும் வந்துவிட்டது. கரூர் பரமத்தி வெயிலை அறிந்தவர்கள் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாமல், உள்ளே போகும் பெண்ணுக்காகத் தோழி ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய பள்ளியில், எத்தனை மணி அடித்தாலும் மாணவிகள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். காலையில் கொண்டுவந்த பாட்டில் மாலையில் முக்கால் பாகம் அப்படியே வீடு திரும்பும். கைகழுவும் நாளான அக்டோபர் 15 அன்று பேனர் கட்டிப் படமெடுக்கும் பள்ளிகளில், மறுவாரம் குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்த்தால் நல்லது. சோப்புத் துண்டைப் பழைய நைலான் வலையில் போட்டுக் குழாயோடு கட்டித் தொங்கவிட்டால் அது தொலைவதும் குறையும், கரைந்து வீணாவதும் குறையும். பேனருக்கு ஆகும் செலவில் பல மாதங்களுக்குச் சோப்பு வாங்கிவிடலாம்.

வளரிளம் பருவத்தினருக்கு வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கச் சொல்வது இன்னொரு தவறு. வயிறு புரட்டி ஒருவர் வாந்தி எடுத்தால், மறுவாரம் வகுப்பில் பாதிப்பேர் மாத்திரையை ஜன்னல் வழியே எறிவார்கள். மதிய உணவுக்குப் பின் கொடுத்து, மலம் கறுப்பாகப் போகும், அதில் பயமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரத்தசோகை உள்ளவர்களின் பெயர்ப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிக்கும் வழக்கமும் நின்றாக வேண்டும்.

இனி மரியாதை. விருந்தினர் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்று "வணக்கம் ஐயா" என்று இழுத்துச் சொல்வதை நற்பண்பு என்று எண்ணிக்கொள்கிறோம். அதே வகுப்பில், கூட்டிப் பெருக்க வரும் வயதான அம்மாவை ஆசிரியர் "ஏ, இங்க வா" என்று அழைத்தால், பிள்ளைகள் கற்றுக்கொள்வது இரண்டாவதைத்தான். யாருக்கு "வாங்க", யாருக்கு "வா" என்பதைச் சாதியையும் சம்பளத்தையும் பார்த்து முடிவு செய்யும் பழக்கம், மரியாதைப் பேச்சுக்குப் பெயர்போன நம் வட்டாரத்தில் இன்னும் ஒழியவில்லை. பட்டியலினப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று 2018-இல் அவிநாசி வட்டாரத்தில் பெற்றோர் சிலர் தகராறு செய்ததும் அது வழக்காக மாறியதும் பலருக்கு நினைவிருக்கும். தலைமையாசிரியரும் குழு உறுப்பினர்களும் மாதம் ஒருமுறையேனும் பிள்ளைகளோடு வரிசையில் அமர்ந்து, அதே சமையலர் கையால் பரிமாறிய சோற்றையும் நாமக்கல் முட்டையையும் உண்பது, நீதிபோதனை வகுப்பு செய்யாததைச் செய்யும்.

கேலியைக் "கோயமுத்தூர்க் குசும்பு" என்று சொல்லித் தள்ளிவிடுவதும் ஆபத்தானது. குசும்பில் கேட்பவனும் சேர்ந்து சிரிப்பான். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளியின் மகனை அவன் பேச்சைப் போலவே பேசிக் காட்டித் தினமும் துரத்துவது அந்த வகையில் சேராது. அதற்குத் தண்டனையாகத் துரத்தியவனை மேடையில் ஏற்றி மன்னிப்புக் கேட்க வைத்தால், அன்று மாலையே பள்ளி வாசலுக்கு வெளியே பழிவாங்கல் நடக்கும். அடித்துத் திருத்தலாம் என்றால், 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது. இருவரிடமும் தனித்தனியாகப் பேசி, பிறகு இருவரையும் ஒரே வேலையில், நூலக அடுக்கு வேலையோ கபடி அணியோ, சில வாரங்கள் சேர்த்துவிட்டுப் பார்க்கலாம். பலன் மெதுவாகத்தான் தெரியும்.

நன்கொடையாளர்களுக்கு ஒரு வார்த்தை. "தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் மேடைக்கு வரவும்" என்று ஒலிபெருக்கியில் அழைத்து நோட்டுப் புத்தகம் கொடுக்காதீர்கள். வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிட்டால், அது உரியவரிடம் போய்ச் சேரும்.

கடைசியாக, பிள்ளைகள் தங்கள் குறைகளைச் சீட்டில் எழுதிப் போட அரசுப் பள்ளிகளில் வைத்திருக்கும் "மாணவர் மனசு" பெட்டி. அதைத் தலைமையாசிரியர் அறை வாசலிலேயே மாட்டிவிட்டு, புகார் ஒன்றும் வரவில்லை, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்கிறார்கள். யார் சீட்டுப் போடுகிறார் என்பது யார் கண்ணிலும் படாத இடத்துக்கு, மாடிப்படித் திருப்பத்துக்கோ நூலகத்துக்கோ அதை மாற்ற வேண்டும். திறக்கும்போது பெற்றோர் உறுப்பினர் ஒருவர் உடனிருக்க வேண்டும். குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 ஆகிய உதவி எண்களைக் கழிப்பறைக்குப் போகும் வழியின் சுவரில், சிறு பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில், பெயின்டால் எழுதிவைக்க ஒரு பிற்பகல் போதும்.