காரைக்குடிக்குப் படிக்க வந்தவர்களுக்கு: என்.எஸ்.எஸ்., பேச்சுப்போட்டி, ஓ.டி.

முதல் செமஸ்டர் முடிவில் டிபார்ட்மென்ட் வாசலில் ஒட்டியிருந்த வருகைப் பட்டியலில் என் பெயருக்கு நேரே 71 சதவீதம் என்று இருந்தது. வேண்டியது 75. காய்ச்சலுக்கு எடுத்த இரண்டு நாளைத் தவிர நான் லீவே போட்டதில்லை. மரக்கன்று நட்டேன், ரத்ததான முகாமில் மேசை போட்டுப் பெயர் எழுதினேன், இரண்டு போட்டிகளுக்குப் போனேன். ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது கல்லூரி வேலையாகப் போனதை வருகையாகவே கணக்கில் ஏற்றுவது) வாங்காததால் அத்தனையும் ஆப்சென்ட். கண்டோனேஷன் (வருகை குறைந்தால் கட்டும் பணம்) கட்டித்தான் பரீட்சை எழுதினேன். அந்தப் பணத்தை வீட்டில் எப்படிக் கேட்டு வாங்கினேன் என்பது தனிக்கதை. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். தப்பு பாதி என்னுடையது.

அதற்கப்புறம் இரண்டு வருடம் எல்லாவற்றிலும் இருந்தேன், வருகை 80-க்குக் கீழே போகவே இல்லை. அதை எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன். ஐடி கார்டு, பஸ் பாஸ் எல்லாம் கையில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில் ஒன்றே ஒன்றில் சேருங்கள்

என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), என்.சி.சி. (தேசிய மாணவர் படை), யூத் ரெட் கிராஸ், ரெட் ரிப்பன் கிளப், தமிழ் மன்றம் என்று முதல் வாரமே வரிசையாக வந்து வகுப்பில் பேசுவார்கள். எல்லாவற்றுக்கும் கை தூக்காதீர்கள். காலை ஆறு மணிக்கு முன்னால் எழுந்து ஷூவுக்கு பாலிஷ் போட முடியும் என்றால் என்.சி.சி. முடியாது என்றால் என்.எஸ்.எஸ். என் ஓட்டு எப்போதும் என்.எஸ்.எஸ்.ஸுக்குத்தான். வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, நடுவில் 7 நாள் கிராம முகாம். இவை முடிந்தால் சான்றிதழ்.

ஃபாரம் கொடுத்துவிட்டால் சேர்ந்தாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று என்.எஸ்.எஸ். பொறுப்பில் இருக்கும் ஆசிரியரான திட்ட அலுவலரிடம் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். ‘சார், பெயர் இருக்கானு பாத்துக்கலாமா?’ என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

2. போனதும் ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புது ஆள் எப்போதும் ஓரமாக நிற்பான். நானும் நின்றேன். எங்கள் முகாம் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில். முதல் நாள் வேலை, ஊருணிக் கரையில் சீமைக்கருவேலம் வெட்டுவது. சீனியர்கள் அரிவாளோடு இறங்கிவிட்டார்கள், நான் வேப்ப மரத்தடியில் நின்றேன். தண்ணீர்க் குடத்தோடு வந்த ஆச்சி ஒருவர், ‘என்ன தம்பி, நீங்க மட்டும் நெழல்ல நிக்கிறீக? இதப் புடிங்க’ என்று குடத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்று முழுக்கத் தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலத்துக்குள் 50 பேருக்கும் என் பெயர் தெரிந்திருந்தது.

நாற்காலி போடுவது, மைக் வயர் சுற்றுவது, வருகைத்தாள் எழுதுவது என்று எதுவானாலும் சரி. வருகைத்தாள் கிடைத்தால் விடவே விடாதீர்கள். எல்லாருடைய பெயரும் ஒரே நாளில் பழகிவிடும். இன்னொன்று, முகாமுக்கு ரப்பர் செருப்பில் போகாதீர்கள். கருவேல முள் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு நேராகக் காலுக்கு வரும்.

3. ஓ.டி. (இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்)

‘சார்தானே கூப்பிட்டார், அவரே போட்டுவிடுவார்’ என்று நினைத்தேன். போடமாட்டார். அவருக்கு உங்கள் வகுப்பு டைம்டேபிள் தெரியாது. வகுப்பெடுக்கும் மேடத்துக்கு நீங்கள் மரம் நட்டது தெரியாது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியது நீங்கள்தான்.

கடிதம் நிகழ்ச்சிக்கு முந்தைய நாளே தயாராக வேண்டும். பெயர், வகுப்பு, பதிவு எண், தேதி, அதோடு எந்தெந்த ஹவர் (பாடவேளை) என்பதும் இருக்க வேண்டும். என்னை மாட்டிவிட்டது இந்த ஹவர்தான். ‘12-ம் தேதி முற்பகல்’ என்று எழுதியிருந்தேன். எங்கள் கல்லூரியில் வருகை ஹவர் கணக்கில் ஏறும். மூன்றாவது ஹவர் முற்பகலா பிற்பகலா என்று ஒருவருக்கும் தெரியவில்லை, ஆப்சென்ட் அப்படியே நின்றது. ‘1, 2, 3-வது ஹவர்’ என்று எண் போட்டு எழுதுங்கள்.

முதல் கையெழுத்து நிகழ்ச்சிப் பொறுப்பாளருடையது, அடுத்தது துறைத்தலைவருடையது. இரண்டும் வாங்கியதும் ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஹவர்களில் வகுப்பெடுக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்கக் கூடாது. என்னுடைய ஒரிஜினல் ஒரு பீரோவுக்குள் போனது, பீரோ வேறு அறைக்குப் போனது. ஒரு வாரம் கழித்து வருகையில் ‘ஓ.டி.’ என்று ஏறிவிட்டதா என்று பாருங்கள். செமஸ்டர் கடைசியில் போய்க் கேட்டால், பட்டியல் அனுப்பியாச்சு என்பார்கள்.

இதற்கு ஆப் வேண்டாம். எத்தனையோ பார்த்துவிட்டேன். 80 பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி, நிகழ்ச்சி, மணி நேரம், யார் கையெழுத்து, ஓ.டி. ஏறியதா என்று ஐந்து கட்டம் போடுங்கள், போதும். என்.எஸ்.எஸ். மணிக்கணக்குக்கும் இதே நோட்டு உதவும். கடிதத்தை மட்டும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து டிரைவில் போட்டுவிடுங்கள். வாட்ஸப்பை நம்பினால் போன் மாற்றும் நாளில் அழுவீர்கள்.

4. கேம்பஸுக்கு வெளியே

மன்றம், மேடை, பேச்சு எல்லாம் காரைக்குடிக்குப் பழைய பழக்கம். அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது 1985-ல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே, 1919-ல், பாரதியார் இங்கே இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்து போயிருக்கிறார். கையில் தடியோடு நிற்கும் அவருடைய படம் அப்போது எடுத்ததுதான். சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகம் இன்றும் பங்குனியில் விழா எடுக்கிறது, நாட்டரசன்கோட்டையில் போய் முடிகிறது. மாணவர்களுக்கும் போட்டி வைக்கிறார்கள். மேடையேறப் பயமாக இருந்தால் முதல் வருடம் சும்மா போய் உட்கார்ந்து கேளுங்கள்.

பேச வரும் என்றால் தமிழ் வளர்ச்சித் துறையின் மாவட்டப் போட்டிகளை விடாதீர்கள். காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர் பிறந்தநாள்களை ஒட்டிக் கல்லூரி மாணவர்களுக்குத் தனியாக நடக்கும். முதல் பரிசு 5,000, அடுத்து 3,000, 2,000 ரூபாய். நமக்கு சிவகங்கைதான் மாவட்டத் தலைநகர். போட்டிக்குக் கொண்டுபோகும் படிவத்தில் கல்லூரி முதல்வர் கையொப்பம், முத்திரை இரண்டும் வேண்டும். நான் துறைத்தலைவர் கையெழுத்தோடு போய், வந்த பஸ்ஸிலேயே திரும்பியவன்.

அறிவிப்பு கல்லூரி அலுவலகத்துக்குத்தான் வரும். தமிழ்த்துறை நோட்டீஸ் போர்டுக்கு வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். தமிழ்த்துறையில் ஒரு சீனியரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: இதை எழுதிய பிறகு வந்த கேள்விகளில் இரண்டு முக்கியமானவை.

ஒரு தங்கை, ஊருக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு, நிகழ்ச்சி ஏழுக்கு முடிகிறது, என்ன செய்ய என்று கேட்டிருந்தார். நானும் பஸ்ஸில் வந்தவன்தான், இது எனக்குத் தோன்றாமல் போனது தப்பு. பெயர் கொடுக்கும்போதே பொறுப்பாளரிடம் பஸ் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். காலை வேலையைக் கேட்டு வாங்குங்கள். பதிவு மேசை, கோலம், பேனர் எல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிடும், கணக்கில் மணி நேரம் அதேதான்.

இன்னொருவர் ரத்ததான முகாமில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டிருந்தார். 18 வயது ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். காலையில் சாப்பிடாமல் போனாலும் எடுக்கமாட்டார்கள். எங்கள் முகாமிலும் முதல் வருடம் இப்படிப் பலர் திரும்பினார்கள். அடுத்த வருடம் பதிவு மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு அண்டாவில் பொங்கல் வைத்தோம்.