மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து: கான்ட்ராஸ்ட் சரிபார்ப்பது எப்படி?

புதுச்சேரியில் விடுதி, காபிக்கடை என்று யார் இணையதளம் செய்யச் சொன்னாலும் ஒயிட் டவுன் சுவரின் மஞ்சளும் வெள்ளையும்தான் வேண்டும் என்கிறார்கள். சுவருக்கு அது அழகு. ஆனால் அந்த மஞ்சளில் வெள்ளை எழுத்தைப் போட்டால், கடற்கரைச் சாலை வெயிலில் போனைப் பார்ப்பவருக்கு அறை வாடகை தெரியாது. பார்வை மங்கியவருக்கு வீட்டுக்குள்ளேயும் தெரியாது.

முதலில் அளந்து பாருங்கள். குரோமில் எழுத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். ஸ்டைல்ஸ் பகுதியில் எழுத்து நிறத்தின் அருகே உள்ள சின்னச் சதுரத்தை அழுத்தினால் கான்ட்ராஸ்ட் எண் வரும், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு. குறைந்தது 1, வெள்ளை மேல் கறுப்புக்கு 21.

அடுத்து, அந்த எண்ணை 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 தரத்தோடு ஒப்பிடுங்கள். பார்வைக் குறை உள்ளவர்கள் உட்பட எல்லோரும் இணையதளத்தைப் பயன்படுத்துவதற்கான விதிகள் இவை. அதன் மூன்று நிலைகளில் நடுவில் உள்ள ஏஏ நிலைக்குச் சாதாரண எழுத்து 4.5, பெரிய எழுத்து (24 பிக்சலும் மேலும்) 3. பட்டன், ஐகானுக்கும் 3. மஞ்சள் மேல் வெள்ளை அந்த 3-ஐக்கூட எட்டாது. மஞ்சளை விட வேண்டாம், எழுத்தை #443300 என்ற நிறக் குறியீடு மாதிரி அடர் பழுப்பாக்குங்கள்.

சரி, டார்க் மோடில்தான் கவனம் தேவை. #777777 சாம்பல் எழுத்தை வெள்ளையில் வைத்தால் 4.48, தோல்வி. அதையே கறுப்பில் வைத்தால் 4.69, தேர்ச்சி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வெள்ளையில் இருப்பதுதான் எளிதாகப் படிக்க வரும். அடர் நிறங்களுக்கு டபிள்யூ.சி.ஏ.ஜி.-யின் இந்தப் பழைய சூத்திரம் தாராளமாக மதிப்பெண் போடுகிறது.

அதனால் ஏ.பி.சி.ஏ. என்ற புதிய கணக்கிலும் பாருங்கள். எழுத்து எது, பின்னணி எது என்பதையும் அது பார்க்கும். அதன் அளவுகோலே வேறு: அதே சாம்பலுக்கு வெள்ளையில் சுமார் 71, கறுப்பில் 31தான். பத்தி எழுத்துக்கு 75 வேண்டும் என்கிறது அது. இன்னும் அதிகாரபூர்வத் தரம் ஆகவில்லை, தணிக்கைக்கு 2.2 எண்ணைத்தான் காட்ட வேண்டும். இரண்டில் ஒன்றில் தேறாவிட்டாலும் அந்த நிறத்தை நான் எடுப்பதில்லை.

தமிழுக்கு ஒருபடி மேலேயே வையுங்கள். மெல்லிய ஃபான்டில் முதலில் மறைவது புள்ளிதான், அப்புறம் ண, ன சுழிகள். வெள்ளைப் பின்னணிக்கு #595959 எடுத்தால் 7 கிடைக்கும். 'தண்ணீர்க் கட்டணம்' என்று 14 பிக்சலில் அடித்து, மதிய வெயிலில் போனை நீட்டிப் பாருங்கள். புள்ளி தெரியவில்லையா? நிறத்தை மாற்றும் முன் ஃபான்டைத் தடிமனாக்குங்கள்.