வேலைக்குப் போய்க்கொண்டே முதல் சிறுகதையை எழுதி முடிப்பது எப்படி?

"கதை எழுத ஆசைதான், நேரம்தான் கிடைக்க மாட்டேன் என்கிறது." இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கதை எழுதுவதை ஒரே வேலையாக நினைக்கிறார்கள். அதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன: குறித்துவைப்பது, எழுதுவது, திருத்துவது. குறித்துவைக்க பஸ் நிறுத்தம் போதும். திருத்துவதற்குக் களைத்துப்போன மாலை நேரம்கூடப் போதும். நடுவில் இருக்கிற எழுத்துவேலைக்குத்தான் தெளிந்த மண்டை வேண்டும், அதுவும் ஒரு நாளைக்கு அரை மணி நேரம். சுமார் 1,500 சொற்களில் ஒரு சிறுகதையை முடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாவலை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள்.

படி 1: அரை மணி நேரத்தைப் பிடியுங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி ட்ரோலப் பல ஆண்டுகள் தபால் துறை அதிகாரியாக இருந்தவர். காலை 5.30க்கு மேசையில் உட்கார்ந்துவிடுவார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதை வாசிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு 15 நிமிடத்துக்கு 250 சொற்கள் என்று எழுதுவார். இத்தனையும் முடித்துவிட்டுத்தான் அன்றைய மற்ற வேலைகள். அவரை எழுப்பிக் காபி கொடுப்பதற்காக வேலைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தாராம். நம் வீடுகளில் அந்தக் காபியைப் போடுகிறவரே எழுதவும் ஆசைப்படுகிறார் என்றால் கதை வேறு. எழுத்தாளர் சல்மா துவரங்குறிச்சியில் வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் கழிப்பறையில் வைத்து எழுதியவர். அதனால் "அதிகாலையில் எழுந்திருங்கள்" என்று எல்லாருக்கும் பொதுவாக என்னால் சொல்ல முடியாது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, மதியச் சாப்பாட்டுக்குப் பின், ரயிலில் என்று உங்கள் வீட்டுக்கு ஒத்துவருகிற ஒரு நேரத்தைப் பிடியுங்கள். அது தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். போனிலேயே எழுதுகிறவர்கள் இணையத்தையாவது அணைத்துவிடுங்கள்.

தமிழில் சொற்கள் நீளம், தட்டச்சும் அத்தனை வேகமாக வராது. அரை மணி நேரத்துக்கு 150 முதல் 200 சொற்கள் வந்தால் நல்ல கணக்கு. எட்டுப் பத்து அமர்வுகளில் முதல் வரைவு கையில் இருக்கும்.

படி 2: கருவைத் தேடாதீர்கள், குறிப்பை எடுங்கள்

"என்ன எழுதுவது?" என்று வெள்ளைத் தாளின் முன் உட்கார்ந்து யோசித்தால் சினிமாவில் பார்த்ததுதான் மனசுக்கு வரும். கண்ணில் பட்டதை அப்போதே இரண்டு வரியில் குறித்துவையுங்கள். தட்டச்சு சலிப்பாக இருந்தால் போன் விசைப்பலகையில் இருக்கிற மைக்கைத் தொட்டுப் பேசுங்கள், தமிழில் எழுத்தாகிவிடும். "வறுமை", "தாய்ப்பாசம்" என்றெல்லாம் எழுதிவைத்தால் பயன் இல்லை. ஆள், பொருள், செயல் மூன்றும் குறிப்பில் இருக்க வேண்டும். இப்படி:

"ரேஷன் கடை. பாட்டியின் கைரேகை மிஷினில் விழவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார். பின்னால் நிற்கிறவர் உச்சுக்கொட்டுகிறார்."

இனி இதைக் கேள்விகளால் குடைய வேண்டும். அரிசி இல்லாமல் வீட்டுக்குப் போனால் என்ன ஆகும்? வீட்டில் ரேகை விழக்கூடிய இன்னொருவர் யார்? அவரைக் கூப்பிடப் பாட்டிக்கு ஏன் மனசில்லை? மூன்றாவது கேள்வியில்தான் கதை கிடக்கிறது. மருமகளோடு பேச்சு நின்று மாதக்கணக்காகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ரேஷன் கடையிலிருந்து மருமகளுக்குப் போன் போடுவதே ஒரு நாடகமாகிவிடும்.

படி 3: வரைவை எழுதும்போது திரும்பிப் பார்க்காதீர்கள்

ஒரு அமர்வுக்கு ஒரு காட்சி. முதல் நாள் வரிசை, அடுத்த நாள் மிஷின், அப்புறம் போன். சரியான சொல் வரவில்லை என்றால் அந்த இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே போங்கள். ட்ரோலப் மாதிரி அரை மணி நேரம் வாசிக்க நமக்குக் கட்டுப்படியாகாது, முந்தைய நாளின் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டுத் தொடங்குங்கள். நிறுத்துவதற்கு அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே சொன்ன வழி உண்டு: அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே எழுந்துவிடுவது. மறுநாள் உட்கார்ந்ததும் கை தானாக ஓடும்.

படி 4: ஆறப்போட்டுத் திருத்துங்கள்

ஒரு வாரமாவது வரைவைத் தொடாமல் விடுங்கள். பிறகு மூன்று சுற்று. முதல் சுற்றில் கதையின் அமைப்பை மட்டும் பாருங்கள். முதல் பத்தியைத் தூக்கினால் கதை நிற்கிறதா? புதிதாக எழுதுகிறவர்களின் கதைகளில் பெரும்பாலும் நிற்கும். விடியலையும் குயிலையும் தாண்டி இரண்டாவது பத்தியில்தான் ஆள் வருவார்.

இரண்டாவது சுற்று வாக்கியங்களுக்கு. வரைவில் இப்படி இருக்கிறது:

"தன் கைரேகை பதியாததால் செல்லம்மாள் மிகுந்த வேதனையும் அவமானமும் அடைந்தவளாய்ச் செய்வதறியாது நின்றுகொண்டிருந்தாள்."

திருத்திய பின்:

"மூன்றாவது தடவையும் விழவில்லை. செல்லம்மாள் கட்டைவிரலை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். 'பாத்திரம் தேய்க்கிற கையா பாட்டி?' என்றான் பில் போடுகிற பையன். அவள் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்."

வேதனை, அவமானம் இரண்டு சொற்களும் போய்விட்டன. பையனின் கேள்வியும் இழுத்துக்கொண்ட கையும் அந்த வேலையைச் செய்கின்றன. "மிகுந்த", "செய்வதறியாது" வகையறாக்களைக் கண்டால் சந்தேகப்படுங்கள். பேச்சு வழக்கையும் கவனியுங்கள்: ஒரு பக்கத்தில் "வாரேன்" என்கிற பாட்டி அடுத்த பக்கத்தில் "வருகிறேன்" என்று சொல்லக் கூடாது. கதையைப் போனையே வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், தமிழ்க் குரல் இருக்கிறது. உணர்ச்சியே இல்லாத குரல்தான், ஆனால் ஒரே பத்தியில் நான்கு "கொண்டிருந்தாள்" வந்தால் காதில் குத்தும். பாத்திரம் கழுவும்போதுகூடக் கேட்கலாம், தனி நேரம் வேண்டியதில்லை.

எழுத்துப்பிழை கடைசிச் சுற்றில்தான். வெட்டப்போகிற வாக்கியத்துக்கு ஒற்று போட்டு என்ன பயன்? நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழை திருத்தி, நாவி சந்திப்பிழை திருத்தி இரண்டும் இணையத்தில் இருக்கின்றன. அவை காட்டுகிற எல்லாவற்றையும் அப்படியே ஏற்க வேண்டாம், பாட்டியின் பேச்சைப் பிழை என்றுதான் காட்டும்.

படி 5: ஒருவரிடம் கொடுங்கள், பிறகு அனுப்புங்கள்

கதை வாசிக்கிற பழக்கமுள்ள ஒரு நண்பர் போதும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "எந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தலாம்னு தோணுச்சு?" என்று கேளுங்கள். அவர் காட்டுகிற இடத்தைத் திருத்துங்கள், எப்படித் திருத்துவது என்று அவர் சொல்லும் யோசனையை எடுத்துக்கொள்வது உங்கள் இஷ்டம்.

எந்த இதழுக்கு அனுப்பப்போகிறீர்களோ, அனுப்புவதற்கு முன் அதில் வந்த நான்கைந்து கதைகளையாவது வாசித்துப் பாருங்கள். பல இதழ்கள் வேறெங்கும் வெளிவராத கதையைத்தான் கேட்கின்றன. அதனால் ஆசை தாங்காமல் முகநூலில் போட்டுவிட்டு அப்புறம் அனுப்பாதீர்கள். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்புவதும் வேண்டாம்.