காரியம் முடிந்த பிறகு: துக்கத்தில் உதவி தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் ஒரு சாவு என்றால், தொழிலாளர் குடியிருப்பான லைன் முழுக்க வந்து நிற்கும். அந்த வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். “மனசைத் தேத்திக்கோ, இலை பறிக்க வந்துடு” என்பார்கள். வேலைக்குப் போவது நல்லதுதான். ஆனால் காரியத்தோடு துக்கமும் முடிந்தது என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறு. பலருக்குப் பாரம் தெரிவதே வீடு காலியான பிறகுதான்.

மனசுக்கு வைத்தியம் என்றால் கோயம்புத்தூர் இறங்க வேண்டும், ஊர் ‘பைத்தியம்’ என்று சொல்லும் என்று பயந்து பலர் தள்ளிப்போடுகிறார்கள். மழைக்காலத்தில் ரோடு அடைபட்டால் கேட்கவே வேண்டாம். முதலில் போன் போதும். 2022-ல் தொடங்கிய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். “வீட்டுக்காரர் போய் மூணு மாசம் ஆச்சு, தூக்கமே வரலை” என்று ஆரம்பித்தால் போதும். லைன் வீட்டுச் சுவருக்குக் காது உண்டு. டவர் கிடைக்கும் ரோட்டோரமாகப் போய்ப் பேசுங்கள். நேரில் பார்க்க வேண்டுமானால், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை வருவார் என்று பக்கத்து அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.

மெடிக்கலில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

குழந்தையிடம் “அப்பா வெளியூர் போயிருக்கார்” என்றால் அது வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள்.

காகித வேலையைத் துக்கத்தில் இருப்பவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கு அவரோடு சேர்ந்து போங்கள். பி.எஃப். உள்ளவர் பணியில் இருக்கும்போதே இறந்தால் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை காப்பீட்டுத் தொகை உண்டு. கேட்காமல் விட்ட குடும்பங்கள் எத்தனையோ.

ஆறு மாதத்துக்கு மேலும் அன்றாட வேலையே ஓடாத அளவு துக்கம் அழுத்தினால், அதைச் சிகிச்சை தேவைப்படும் நிலையாக உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்துகிறது. அதற்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. “நானும் அவர் கூடவே போயிடறேன்” என்ற பேச்சு வந்தால் புலம்பல் என்று தள்ளாதீர்கள். அவரைத் தனியாக விடாமல் இரவு ஒருவர் கூடப் படுத்துக்கொள்ளுங்கள். 14416-க்கு அவரேதான் பேச வேண்டும் என்றில்லை, நீங்களும் கூப்பிடலாம்.