யாழ்ப்பாணத்தில் ஆபிரிக்க சிக்லிட் தேடுபவர்கள் விடும் பிழைகள்

"இங்க நல்ல ஆபிரிக்க சிக்லிட் கிடைக்காது" என்று யாழ்ப்பாணத்து மீன் வளர்ப்பாளர்கள் எல்லாரும் சொல்வார்கள். சிக்லிட் என்பது ஒரு மீன் குடும்பம். கடைக்குப் போனால் மீன் இருக்கத்தான் செய்கிறது. மஞ்சள், நீலம், செம்மஞ்சள், புள்ளி விழுந்தது என்று ஒரே தொட்டிக்குள் நாற்பது ஐம்பது குஞ்சுகள் நீந்தும். "அண்ணை, இது என்ன இனம்?" என்று கேட்டால், "மலாவி தம்பி, எல்லாம் ஒரே விலைதான்" என்று பதில் வரும். மலாவி ஆபிரிக்காவில் உள்ள ஓர் ஏரியின் பெயர். அதில் சிக்லிட் மட்டும் பல நூறு இனங்கள் வாழ்கின்றன. பாறையில் பாசி சுரண்டித் தின்பவை, மணலைக் கிளறிப் புழு தேடுபவை, சின்ன மீன்களைத் துரத்திப் பிடிப்பவை என்று அவற்றின் வாழ்க்கையே வேறு வேறு. "மலாவி" என்ற ஒரு சொல்லை நம்பி வாங்கினால், இவற்றில் எது வீட்டுக்கு வருகிறது என்று தெரியாது.

இந்தத் தட்டுப்பாட்டில் பெரும்பகுதியை நாங்களே உண்டாக்குகிறோம் என்பது என் கருத்து. பிறகு கிடைக்காது என்ற பயத்தில் கண்டதை வாங்குகிறோம். வாங்கியதையெல்லாம் ஒரே தொட்டியில் விடுகிறோம். அவை கலந்து குஞ்சு போடுகின்றன. அந்தக் குஞ்சுகளை அயலில் உள்ளவர்களுக்கும் கடைக்கும் கொடுக்கிறோம். இரண்டு தலைமுறை போக, கொழும்பிலிருந்து சிரமப்பட்டு எடுப்பித்த நல்ல மீனின் வழி இங்கே அற்றுப்போகிறது. திரும்பவும் கொழும்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவது

அதிகம் பேர் ஏமாறுவது எலக்ட்ரிக் யெலோவில். லாபிடோகுரோமிஸ் செருலியஸ் என்பது அதன் முறையான பெயர். மலாவி மீன்களுக்குள் சாதுவானது, புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்றது, ஆகவே கேள்வியும் அதிகம். ஆனால் ரெட் சீப்ரா எனப்படும் செம்மஞ்சள் மீனோடு இது மிக எளிதாகக் கலக்கும். கலந்து பிறக்கும் குஞ்சுகளும் மஞ்சளாகவே இருப்பதால் கடையில் வித்தியாசம் தெரியாது.

அவசரப்படாமல் தொட்டிக்கு முன் ஐந்து நிமிடம் குந்தியிருந்து பாருங்கள். சுத்தமான எலக்ட்ரிக் யெலோவின் முதுகுச் செட்டையில் கறுப்புப் பட்டை ஒன்று முன்னாலிருந்து பின்வரை அறுபடாமல் ஓடும். வளர்ந்த ஆணுக்கு வயிற்றுச் செட்டைகளும் கறுத்திருக்கும். முகம் கூர்மையாக, வாய் சிறிதாக இருக்கும். கலப்பு மீனில் அந்தப் பட்டை அங்கங்கே விடுபட்டிருக்கும், அல்லது இல்லாமலே போயிருக்கும். முகம் மழுங்கி, உடம்பில் மங்கலாகக் குத்துக்கோடுகள் தெரியலாம். மிகச் சிறிய குஞ்சில் இவை ஒன்றும் துலக்கமாகத் தெரியாது. ஆகவே குஞ்சு வாங்கும்போது தாய் தகப்பன் மீனைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் இனம் பெருக்குபவர் சந்தோசமாகக் காட்டுவார். காட்ட மறுத்தால் வாங்காமல் வருவதுதான் நல்லது.

பீக்கொக் எனப்படும் மலாவி மீன் வகைகளில் சிக்கல் வேறு மாதிரி. ஆண் மீனுக்கு நிறம் விழ ஆறேழு சென்ரிமீற்றராவது வளர வேண்டும். மூன்று நான்கு சென்ரிமீற்றர்க் குஞ்சுகள் முழுத் தொட்டியும் ஒரே பளபளப்பாக நின்றால், தீனியில் ஓமோன் கலந்திருக்கிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டும். வீட்டுக்கு வந்து சில கிழமைகளில் அந்த நிறம் வெளுத்துவிடும். பெண் பீக்கொக்குகள் எந்த இனமானாலும் சாம்பல் நிறமாய் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு மூன்று இனத்துப் பெண் மீன்களை ஒரே தொட்டியில் விட்டால், எந்தக் குஞ்சு எதனுடையது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பல வகை பீக்கொக் வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் ஆண் மீன்களை மட்டும் வைத்திருப்பதே நேர்மையான வழி.

டிராகன் பிளட், ஓபி பீக்கொக் போன்றவை மலாவி ஏரியிலேயே இல்லை. மனிதர்கள் தொட்டியில் கலந்து உண்டாக்கியவை. அழகான மீன்கள்தான், வளர்ப்பதில் பிழை ஒன்றுமில்லை. ஏரியில் பிடித்த இனம் என்று நம்பிக் கூடுதல் விலை கொடுப்பதும், சுத்தமான இனத்தோடு சேர்த்து விடுவதுமே பிழை.

வியாபாரப் பெயரும் அடிக்கடி காலை வாரும். எலக்ட்ரிக் புளூ என்று விற்கும் நீல மீனுக்கு எங்கள் ஆட்கள் இன்னும் "ஆலி" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் வேறோர் இனத்துக்குரியது. இதற்கு சயனோகுரோமிஸ் பிரையரி என்ற சரியான பெயர் 1993இலேயே வைக்கப்பட்டுவிட்டது. கொழும்புக்குப் போன் எடுத்து மீன் கேட்பவர்கள் இந்த முறையான பெயரைச் சொல்லிக் கேட்டுப் பழகினால், விற்பவரும் கவனமாகப் பதில் சொல்வார்.

ஒன்றிரண்டாகச் சேர்ப்பது

கிடைக்கும்போது ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்று மீன் சேர்க்கும் வழக்கம் இங்கே நிறைய. பாறைவாழ் மலாவி மீன்களுக்கு இது ஒத்துவராது. முதலில் வந்தது தொட்டியைத் தன்னுடையதாக்கிக்கொண்டு, பிறகு வருவதைக் கடித்தே கொன்றுவிடும். தன் இனத்துத் துணை இல்லாத மீன் வேறு இனத்தோடு சேருவதும் இதனால்தான். பணம் சேர்த்து, ஒரே இனத்தில் ஆறு முதல் எட்டுக் குஞ்சுகளை ஒரே நாளில் வாங்குங்கள். வளர்ந்த பிறகு ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்ற கணக்கில் நிறுத்தலாம். நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரமான தொட்டி ஏறத்தாழ 250 லீற்றர் கொள்ளும். அதற்குக் குறைந்த தொட்டியில் இவற்றை வைக்க வேண்டாம்.

சண்டையைக் குறைக்கத் தொட்டியை மீனால் நிரப்பச் சொல்லும் ஆலோசனை ஒன்றும் வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கிறது. எங்களுக்கு அதில் ஆபத்து உண்டு. சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் நின்றதை மறந்திருக்க மாட்டோம். மீன் நெருக்கமாக நிற்கும் தொட்டி அப்படியான நாளைத் தாங்காது. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்று கையில் இல்லாமல் இந்த மீன்களை வாங்காதீர்கள்.

"எங்கட கிணத்துத் தண்ணி இதுகளுக்குத் தேவாமிர்தம்"

இந்தப் பேச்சு பாதிதான் சரி. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லில் தேங்கி நிற்கும் நிலத்தடி நீர்தான். கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தண்ணீரின் கடினம் விளங்கும். மலாவி ஏரியின் பிஎச், அதாவது நீரின் அமில, கார அளவு, ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை இருப்பதால், காரத்தன்மையைப் பொறுத்தவரை எங்கள் தண்ணீர் அந்த மீன்களுக்குப் பகையில்லை. ஆனால் மலாவி ஏரியின் நீர் பலர் நினைக்குமளவு கடினமானது அல்ல. அதில் கரைந்துள்ள உப்புகள் குறைவு. ஆபிரிக்காவின் இன்னோர் ஏரியான தங்கனீக்காவின் நீர்தான் அதைவிடக் கடினமும் காரமும் கூடியது. கடினம் வேண்டும் என்று கேள்விப்பட்டதை வைத்து, வலிகாமத்துக் கிணற்று நீருக்குள் முருகைக்கல்லும் கறியுப்பும் போடுவது வீண் வேலை. கடலிலிருந்து முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றமும்கூட. கரையோரத்திலும் தீவகத்திலும் கிணறு உவர்ப்பாக இருந்தால் அந்தத் தண்ணீரை அப்படியே பாவிக்கவே கூடாது.

மேற்கு ஆபிரிக்க ஆறுகளிலிருந்து வந்த கிரிபென்சிஸ், ஜுவல் போன்றவையும் ஆபிரிக்க சிக்லிட் என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. மலாவி மீனுக்குச் சொன்ன தண்ணீர்க் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. ஒஸ்கார் தென் அமெரிக்க மீன், அதை இந்தக் கூட்டத்திலேயே சேர்க்க வேண்டாம்.

பெரிய பிரச்சினை, தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் நைத்திரேற்று என்ற உப்பு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரமும், வீட்டு மலக்குழிகளிலிருந்து கசிவதும் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடாக இலகுவாக நிலத்தடி நீரில் போய்ச் சேர்கின்றன. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டில் அதைத் தாண்டிய கிணறுகள் பல உண்டு. தொட்டியில் நைத்திரேற்று கூடினால் தண்ணீர் மாற்று என்பார்கள். ஊற்றும் தண்ணீரிலேயே 60 இருந்தால், கிழமைக்கு எத்தனை தரம் மாற்றினாலும் 60க்குக் கீழே வராது. மீன் காரணம் தெரியாமல் சோர்ந்து, சாப்பாடு விட்டு, ஒவ்வொன்றாகப் போகும். "இந்த இனம் யாழ்ப்பாணத்துக்குச் சரிவராது" என்று முடிவு கட்டிவிடுவோம்.

மீன் வாங்குவதற்கு முன் நைத்திரேற்று ரெஸ்ட் கிட் ஒன்றை வாங்கி, தொட்டித் தண்ணீரை விட்டுவிட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள். அளவு கூடவாக இருந்தால் மாரிமழைத் தண்ணீரையோ, கடைகளில் விற்கும், ஆர்ஓ (RO) முறையில் வடித்த குடிதண்ணீரையோ கலந்து பாவிக்கலாம். வடித்த தண்ணீரை மட்டும் பாவிப்பது அடுத்த பிழை. அதில் கடினமும், பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் உப்புகளும் போய்விடுவதால் பிஎச் நிலையாக நிற்காது. பாதிக்குப் பாதி கலந்து, சோதித்துப் பார்த்து, உங்கள் கிணற்றுக்கு ஏற்ற விகிதத்தைப் பிடியுங்கள். மணி பிளான்ட் கொடியின் வேரைத் தொட்டி நீரில் தொங்கவிட்டாலும் அது நைத்திரேற்றை உறிஞ்சி வளரும்.

தீனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாசி தின்னும் பாறைவாழ் மீனுக்கு மாட்டு இதயம், கோழி ஈரல் போடாதீர்கள். வயிறு வீங்கிச் சாகும். ஸ்பைருலினா என்ற பாசித்தூள் கலந்த தீனியும் அவித்த பசளியும் போதும்.

இரவு பஸ்ஸில் வரும் மீன்

கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஒட்சிசன் அடித்த பையில், ரெஜிபோம் பெட்டிக்குள் மீன் இரவு பஸ்ஸில் ஏறி விடிய வந்து இறங்கும். அனேகமான சாவு பஸ்ஸில் நடப்பதில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் நடக்கிறது. காரணத்தை விளங்கிக்கொண்டால் தவிர்க்கலாம். பைக்குள் மீன் விடும் மூச்சால் காபனீரொட்சைட்டு கூடி பிஎச் இறங்குகிறது. கழிவிலிருந்து அமோனியாவும் சேர்கிறது. பிஎச் 7 அளவில் இருக்கும்போது, 28 பாகை வெப்பத்தில் மொத்த அமோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும். அதே வெப்பத்தில் பிஎச் 8.2 ஆனால் அது ஏறத்தாழ 10 சதவீதமாகிவிடும். நாங்கள் என்ன செய்கிறோம்? பையைத் திறந்து வைத்து, எங்கள் காரத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணிநேரம் விடுகிறோம். காபனீரொட்சைட்டு வெளியேறி பிஎச் ஏற, பைக்குள் இருந்த அமோனியாவின் நச்சுப் பங்கு பல மடங்கு கூடும் நேரம் அது. மீன் அதற்குள்ளேயே நிற்கிறது.

பையைத் திறக்காமல் தொட்டியில் கால்மணி நேரம் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு திறந்து, வலையால் மீனை மட்டும் எடுத்து உடனே தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இது சரிவர, அனுப்புபவரின் தண்ணீரும் உங்கள் தண்ணீரும் அதிகம் வேறுபடக் கூடாது. அவருடைய பிஎச், கடினத்தன்மை அளவுகளை முதலே கேட்டு, புதிய மீனுக்கான தனித்தொட்டியை அதற்கு அண்மித்த அளவில் தயாராக்கி வையுங்கள். பொதி செய்வதற்கு முந்தின நாள் தீனி போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

மிஞ்சிய குஞ்சுகளை என்ன செய்வது

மலாவி மீன்களில் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்து ஏறத்தாழ மூன்று கிழமை அடைகாக்கும். வளர்ந்த நாலைந்து பெண் மீன் இருந்தால் ஒரு வருடத்தில் அயல் முழுக்கக் கொடுக்கக் குஞ்சு தேறும். அதாவது, ஒரே இனத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் பத்து வீடுகள் குடாநாட்டில் இருந்தால், பத்து இனம் எந்நேரமும் எங்களுக்குள் கிடைக்கும். நீங்கள் ஒரு வகை, பக்கத்து ஊர் நண்பர் இன்னொரு வகை என்று பேசிப் பிரித்துக்கொள்ளலாம். இப்படி வைத்திருப்பதால்தான் சில இனங்கள் உலகத்திலேயே மிஞ்சியிருக்கின்றன. விக்ரோறியா ஏரியில் 1950களிலும் 60களிலும் மற்ற மீன்களைத் தின்னும் பெரிய மீனான நைல் பேர்ச்சை விட்ட பிறகு, அங்கிருந்த சிக்லிட் இனங்கள் நூற்றுக்கணக்கில் அழிந்தன. அவற்றில் சில இன்று வளர்ப்பாளர்களின் தொட்டிகளில் வாழ்கின்றன. மலாவியில் சிசுமுலு தீவுக்கு அருகிலுள்ள பாறைத்திட்டுக்குரிய சௌலோசி மீன், அலங்கார மீன் வியாபாரத்துக்கு அளவுக்கு மீறிப் பிடித்ததால் இயற்கையில் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. தொட்டியில் பெருகிய சௌலோசியை இன்னொன்றோடு கலக்கவிடுபவர்மேல் எனக்குக் கோபமே வரும்.

கலப்புக் குஞ்சு பிறந்துவிட்டால் விற்க வேண்டாம். இனம் பெருக்காத, அழகுக்கு மட்டும் வைத்திருக்கும் ஒருவருக்குக் கலப்பு என்று சொல்லிக் கொடுங்கள். குளத்திலோ கேணியிலோ வாய்க்காலிலோ ஒருபோதும் விடாதீர்கள். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்த திலாப்பியாவும் ஓர் ஆபிரிக்க சிக்லிட்தான். இன்று அது இல்லாத குளத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இந்த நாட்டில் இயற்கையாகவே வாழும் சிக்லிட் இனங்கள் இரண்டே இரண்டு. எங்கள் கடனீரேரிகளிலும் கழிமுகங்களிலும் வாழும் அவற்றுக்குப் புதிய போட்டியாளர் தேவையில்லை.

சுத்தமான குஞ்சு கொடுக்கும்போது பையில் ஒரு துண்டு ஒட்டுங்கள். இனத்தின் முறையான பெயர், பெற்றோர் மீன் யாரிடமிருந்து எந்த வருடம் வந்தது, உங்கள் தண்ணீரின் பிஎச் அளவு, போட்ட தீனி ஆகிய நான்கையும் எழுதினால் போதும். வாங்குகிறவர் அதைப் படம் பிடித்து வைத்திருக்கட்டும். அவரிடமிருந்து அடுத்தவருக்குக் குஞ்சு போகும்போது அந்தத் துண்டும் கூடவே போக வேண்டும்.