பழைய வின்டேஜ் போர்ட்: கோலாலம்பூர் வீட்டில் திறந்து, இறுத்து, சுவை பார்ப்பது எப்படி?

நம் ஊரில் பழைய போர்ட்டை, அதாவது போர்த்துகலின் இனிப்பான, சாராயம் கூடிய ஒயினை, கெடுப்பது பெரும்பாலும் சூடுதான். 30 டிகிரி அறையில் ஊற்றினால் சாராய நெடி மட்டுமே மூக்கில் ஏறும். அதை வைத்துப் போத்தலைக் குறை சொல்வது நியாயமில்லை.

முதலில் லேபிளைப் பாருங்கள். ‘டானி’ என்றிருந்தால் கீழே உள்ள பாடு பெரும்பாலும் தேவைப்படாது. அது பீப்பாயிலேயே முதிர்ந்தது. வின்டேஜ் போர்ட் போர்த்துகலின் டூரோ பள்ளத்தாக்கில், ஒரே ஆண்டு அறுவடையிலிருந்து வருவது. 2, 3 ஆண்டுகளுக்குள் வடிகட்டாமல் அடைத்துவிடுவார்கள். 1994 போத்தல் என்றால் இத்தனை வருடமும் உள்ளேயே முதிர்ந்து, மண்டி கெட்டியாகப் படிந்திருக்கும்.

நிமிர்த்தி வைத்தல்

படுத்திருந்த போத்தலைக் குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் இரண்டு நாள், நிமிர்த்தி வையுங்கள். ஒயின் பெட்டி இல்லாவிட்டால் ஐஸ்பெட்டியின் உள்தட்டு போதும். கதவுத் தட்டில் வைக்காதீர்கள். திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மண்டி கலங்கும்.

தக்கை

இங்கேதான் பலரும் சொதப்புகிறார்கள். 25, 30 வருடத் தக்கை ஊறி மெத்தென்றிருக்கும். திருகாணி நடுவைத் துளைத்து வெறுங்கையோடு வரும். இரட்டைத் தகடு திறப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். நீளமான தகட்டைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையில் முதலில் விட்டு, இரண்டையும் மாறி மாறி அசைத்து இறக்கி, பிறகு திருகிக்கொண்டே மேலே இழுங்கள். உடைந்தாலும் பதற வேண்டாம், அடுத்து வரும் வடிகட்டும் துணி பார்த்துக்கொள்ளும்.

இறுத்தல்

வாசமில்லாத மெல்லிய பருத்தித் துணியைத் தண்ணீரில் மட்டும் அலசிப் புனலில் விரியுங்கள். சோப்பு வாசம் இருந்தால் அதுவும் ஒயினில் இறங்கும். போத்தல் கழுத்துக்குப் பின்னால் டார்ச்லைட் வைத்து, நிறுத்தாமல், ஒரே சாய்வில் ஊற்றுங்கள். நடுவில் நிமிர்த்தினால் மண்டி திரும்ப எழும். கழுத்தில் கருநூல் போல மண்டி தெரிந்ததும் நிறுத்துங்கள். 50 முதல் 75 மி.லி. அடியில் நிற்கும்.

20, 30 வயதுப் போத்தலை இறுத்தபின் ஒன்றிரண்டு மணி நேரம் காற்றுப் பட ஆற விடலாம். 40ஐத் தாண்டியதை இறுத்த கையோடு ஊற்றுங்கள். அதன் மணம் சீக்கிரம் பறந்துவிடும். ஆறும் நேரத்தில் அறைச் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊற்றும்போது 16 முதல் 18 டிகிரி இருக்க வேண்டும். கைக்கணக்கு ஏமாற்றும், வெப்பமானி வையுங்கள். 4 டிகிரியில் மணம் அடங்கி, துவர்ப்பு மட்டும் முன்னே நிற்கும்.

மதிப்பிடுதல்

வாய் குறுகிய கிளாஸில் 60 மி.லி. போதும். பக்கத்தில் ஊதுபத்தியோ சாம்பிராணியோ வேண்டாம், சம்பால் சாப்பிட்ட வாயும் வேண்டாம்.

வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பாருங்கள். இளமையில் கருஊதா. 20 வயதுக்கு மேல் விளிம்பு செங்கல் நிறத்துக்கு மாறும். இன்னும் போனால் பழுப்பு.

சுழற்றாமல் ஒரு முறை, சுழற்றி ஒரு முறை முகருங்கள். காய்ந்த அத்தி, பேரீச்சம்பழம், கிராம்பு, புகையிலை எல்லாம் முதிர்ச்சியின் அடையாளங்கள். பினாங்கு ஜாதிக்காய் ஊறுகாயின் வாசம் தெரிந்தவர்களுக்கு ஒரு படி சுலபம். மூக்குக்குப் பயிற்சி வேண்டுமென்றால் பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக் கடையில் இவற்றையெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பிறகு சிறு மிடறு. இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு மூன்றும் ஒன்றையொன்று தாங்குகின்றனவா? சாராயம் ஏறத்தாழ 20 சதவீதம் இருக்கும். அது தொண்டையைச் சுட்டால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள், அடுத்துதான் ஒயினைச் சந்தேகப்படுங்கள். விழுங்கிய பின் சுவை எத்தனை வினாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். அரை நிமிடத்தைத் தாண்டினால் நல்ல சரக்கு.

ஈர அட்டைப்பெட்டி நாற்றம் தக்கைக் கேடு. ஆற விட்டாலும் போகாது. நகப்பூச்சு நெடி லேசாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், தூக்கலாக இருந்தால் விட்டுவிடுங்கள். பழத்தைக் காய்ச்சிக் கரித்த வாசமும், தக்கையோரம் கசிந்த தடமும் சேர்ந்திருந்தால் அந்தப் போத்தல் எங்கோ வெயிலில் கிடந்திருக்கிறது.

மீதியைச் சின்னப் போத்தலில் விளிம்புவரை நிரப்பி மூடி, ஐஸ்பெட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். அடியில் நின்ற மண்டியை இன்னொரு முறை வடிகட்டினால் ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு ஆகும்.