சிரிப்பும் சென்டிமென்ட்டும்: கலக்கும்போது சறுக்கும் இடங்கள்

கதையை எழுதி முடித்த பிறகு, 'காமெடி கம்மியா இருக்கே' என்று நாலு சீனைத் தனியாக எழுதிச் சேர்ப்பதுதான் பெரிய தவறு. தமிழில் இது பழைய வழக்கம். ஹீரோ கதை ஒரு பக்கம் ஓடும், காமெடி ட்ராக் இன்னொரு பக்கம் ஓடும். எழுதுகிறவர்கூட வேறு ஆளாக இருப்பார். 'கரகாட்டக்காரன்' (1989) காமெடியை எழுதியவர் ஏ. வீரப்பன். ஆனால் அதில் கவுண்டமணியும் செந்திலும் நாயகனின் கரகாட்டக் குழுவிலேயே இருப்பவர்கள், அதனால் ஒட்டு தெரியவில்லை. பின்னால் வந்த பல படங்களில் ட்ராக்கை மொத்தமாக வெட்டினாலும் கதை அசையாது.

'சர்வர் சுந்தரம்' (1964) பாருங்கள். சர்வராக இருந்தவன் சினிமாவில் காமெடி நடிகனாகிறான், சிரிக்க வைப்பதே அவன் பிழைப்பு. அவன் விரும்பும் பெண்ணோ அவனுடைய நண்பனை விரும்புகிறாள். தாயின் கடைசி நேரத்தில் அவன் பக்கத்தில் இல்லை. எல்லா அடியும் சிரிப்பூட்டுகிற அதே ஆள்மீதுதான் விழுகிறது. அழ வைக்க என்று நாகேஷைத் தாண்டி இன்னொரு பாத்திரம் தேவைப்படவில்லை.

அடுத்தது பயம். காட்சி கனமாகிவிட்டதோ என்று உடனே ஒரு கவுன்டர் வசனத்தைச் சொருகுவார்கள். சாவு வீட்டில் சிரிப்பே வரக் கூடாது என்றில்லை. பந்தல்காரரிடம் பேரம், பங்காளிகளின் பழைய சண்டை, கொள்ளி வைப்பது யார் என்ற தகராறு எல்லாம் நம் வீடுகளில் நடப்பவைதானே! அவை அந்தச் சாவிலிருந்தே வருபவை. அங்கே நின்று மிமிக்ரி செய்யும் நண்பன் அப்படியல்ல.

இடைவேளை வரை கலாட்டா, அப்புறம் திடீரென்று கேன்சர் என்பதும் சலித்துப்போனது. 'ஆண் பாவம்' (1985) படத்தில் பெண் பார்க்க வீடு மாறிப் போவது சிரிப்பு. பின்னால் வரும் வேதனைக்கும் அதே குழப்பம்தான் காரணம்.

ஒருவரின் உடம்பையும் நிறத்தையும் அரை மணி நேரம் கிண்டலடித்துவிட்டு, அவருக்காகவே நம்மை அழச் சொல்வது மோசடி.

இசை விஷயத்தில் சீரியல்கள்தான் அதிகம் சொதப்புகின்றன. ஜோக்குக்கு ஒரு 'டொய்ங்', அழுகைக்கு ஒரு வயலின். எடிட்டிங்கில் அந்தச் சீனை ஒருமுறை இசையே இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். அப்போது வேலை செய்யவில்லை என்றால், சரிசெய்ய வேண்டியது வசனத்தையும் நடிப்பையும்தான்.